எட்டு விரல்

துறைமுகத்தில் அவள் மூக்குக்குச் சம்பளம்.
சாக்கின் ஓரத்தைக் கத்தியால் கீறி
வறுக்காத காப்பிக்கொட்டை ஒரு கைப்பிடி அள்ளி
மூச்சை உள்ளிழுப்பாள் நெரீனா.
"இது கப்பலின் அடித்தட்டில் கிடந்தது.
உப்புத்தண்ணீர் பட்டிருக்கிறது."
வியாபாரிகள் கத்துவார்கள். பிறகு
விலையைக் குறைப்பார்கள்.

கோவிலில் ஒரு ஞாயிறு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள்:
ஆண்டவர் உங்களுக்குத் தந்த தாலந்து எது?
பல்மருத்துவர் கிட்டார் என்று எழுதினார்.
ரொட்டிக்கடை மிலேனா பாடுவேன் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டாள்.
நெரீனா பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
மோப்பம் என்று எழுதினால்
நாய்க்கும் ஞானஸ்நானமா என்று கேட்க மாட்டாரா பங்குத்தந்தை?
வெற்றுச்சீட்டு கோட்டுப்பைக்குள் போயிற்று.

திரியெஸ்தேயில் போரா என்றொரு காற்று.
மலையிறங்கி வந்து
மனிதரை விளக்குக்கம்பம் கட்டிக்கொள்ள வைக்கும்.
ஒன்பது நாள் வீசியது
ஒரு வியாழன் விடியலில் நின்றது.
காற்று நின்றால் வீடுகள் பேசத் தொடங்கும்.
மூன்றாம் மாடிப் படிக்கட்டில்
வெங்காயம், ஈரக் கம்பளி, பூனை மூத்திரம்,
இவற்றுக்கெல்லாம் அடியில்
இனிப்பாக ஒன்று.
அழுகிய பேரிக்காய் போல.
பேரிக்காய் அல்ல.

எதிர்வீட்டு அம்மாள் ஊதுவத்தி கொளுத்தினாள்.
நான்காம் மாடிக்காரர் ஜன்னலைத் திறந்துவைத்துக்
கட்டட நிர்வாகிக்குப் புகார் எழுதினார்.
குப்பை என்றார்கள். செத்த எலி என்றார்கள்.
அவளுக்கு மட்டும் தெரிந்தது
அது இன்னும் உயிரோடிருக்கும் சதையென்று.

சனிக்கிழமை தட்டினாள்.
"வராதீர்கள், நாறுகிறது" என்றது கதவு.
நாலு நாள் மூடிக்கிடந்த ஒரு கல்லறை வாசலிலும்
இப்படித்தான் எச்சரித்தார்கள்.
கேட்டவர் கல்லைப் புரட்டச் சொன்னார்.
"தெரியும்" என்றாள்.
"வியாழனிலிருந்தே தெரியும்."

ஒட்டோனே. டிராம் ஓட்டி ஓய்ந்தவர்.
சர்க்கரை நோய். பாதத்தில் சுற்றியிருந்தது தலையணை உறை.
அதை அவிழ்த்தபோது
ஆயிரம் சாக்கில் ஒரு பூஞ்சணத்தைப் பிடிக்கும் மூக்கு
என்ன பாடு பட்டிருக்கும்!
ஓடிவந்து படிக்கட்டில் வாந்தி எடுத்தாள்.
அதைத் துடைத்தாள். வாய் கொப்பளித்தாள்.
திரும்ப உள்ளே போனாள்.

அன்றிரவு தந்தவரோடு சண்டை:
சிறுவயதில் குரல் கேட்டேன்.
மூக்கைத் தந்தீர்.
இதற்காகவா?
பதில் வரவில்லை.
விடிந்துவிட்டது, வெந்நீர் வைக்கவேண்டியிருந்தது.

என் மொழியில் நாற்றம் என்ற சொல்
ஒரு காலத்தில் பூவினுடையது.
எப்போது புண்ணிடம் போய்ச் சேர்ந்ததோ.
அவள் அதைக் காலைதோறும்
இம்மி இம்மியாகத்
திருப்பி நடத்திக்கொண்டிருந்தாள்:
அழுகல், துரு, அயோடின், சோப்பு,
பிறகு வெறும் தோல்.

ஒருநாள் தாதி, நன்றாக ஆறுகிறது என்றாள்.
நெரீனா குனிந்து முகர்ந்தாள்.
இல்லை என்றாள்.
ஆம்புலன்ஸ் வந்தது.
கால் தப்பியது. விரல் இரண்டு போயிற்று.

பெரிய வியாழன் மாலை.
பீடத்தின் முன்னால் பன்னிரண்டு பேர்,
வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவந்த பாதங்களோடு.
பங்குத்தந்தை மண்டியிட்டார்.
மிலேனா பாடினாள், நன்றாகவே பாடினாள்.
மூன்றாம் மாடிவரை கேட்டது.
அங்கே நெரீனா
எட்டு விரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
"தண்ணீர் ஆறிப்போச்சு" என்று சிடுசிடுத்தார் ஒட்டோனே.
"பயணிகளையும் இப்படித்தான் திட்டினீர்களா?"
"அதைவிட மோசமாக."

பஞ்சு தீர்ந்திருந்தது.
குறித்துவைக்கக் காகிதம் தேடிக் கோட்டுப்பைக்குள் கைவிட்டாள்.
காப்பி மணத்தோடு வந்தது அந்தச் சீட்டு.
தாலந்து எது என்ற கேள்விக்குக் கீழே எழுதினாள்:
பஞ்சு. அயோடின்.
சின்னக் கத்தரிக்கோல்.